கிரிஸ்பர் நோய்ப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவிட் காலத்தில் ‘ஃபெலூடா’ என்ற இந்தியக் கிரிஸ்பர் கிட்டின் பெயர் செய்திகளில் அடிபட்டதிலிருந்து, “கிரிஸ்பர் கிட் வந்துவிட்டால் லேப்புக்கே போக வேண்டாமாமே” என்ற பேச்சு நின்றபாடில்லை. அதில் எது நடந்தது, எது இன்னும் நடக்கவில்லை என்பதைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

கிரிஸ்பர் என்பது மரபணுவை வெட்டித் திருத்தும் முறைதானே? அதை வைத்து எப்படி நோயைக் கண்டுபிடிப்பார்கள்?

திருத்துவது பிற்பாடு நாம் கொடுத்த வேலை. அடிப்படையில் இது பாக்டீரியாவின் தற்காப்பு. பாக்டீரியாவையும் வைரஸ்கள் தாக்கும். தாக்கிய வைரஸின் மரபணுத் துண்டு ஒன்றை பாக்டீரியா தன் டி.என்.ஏ.வுக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதே வைரஸ் மறுபடி வந்தால், அந்தத் துண்டிலிருந்து படியெடுத்த சின்ன ஆர்.என்.ஏ. ஒன்று வழிகாட்டியாகக் கிளம்பும். அதைப் பிடித்துக்கொண்டு போகும் ‘காஸ்’ என்ற புரதம், மரபணு எழுத்துகள் பொருந்தும் இடத்தில் வெட்டிவிடும்.

திரும்பத் திரும்ப வரும் இந்த விசித்திரமான டி.என்.ஏ. வரிசையை 1987இல் ஒசாகாவில் யோஷிசுமி இஷினோவின் குழு ஈ.கோலை பாக்டீரியாவில் பார்த்தது. எதற்காக அது அங்கே இருக்கிறது என்று அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. ஸ்பெயினில் அலிகாண்டே நகரத்து பிரான்சிஸ்கோ மோஹிகா, உப்பு நீரில் வாழும் நுண்ணுயிர்களில் இதையே பார்த்துவிட்டுப் பல ஆண்டுகள் விடாமல் துரத்தினார். 2012இல் ஜெனிஃபர் டவுட்னாவும் இமானுவேல் ஷார்பான்டியேவும் காஸ்9 புரதத்தை நாம் விரும்பிய இடத்தில் வெட்ட வைக்கலாம் என்று காட்டினார்கள். 2020இல் வேதியியல் நோபல் அவர்களுக்குக் கிடைத்தது.

காஸ் செய்வது இரண்டு வேலை: தேடுவது, வெட்டுவது. சிகிச்சைக்கு வெட்டு முக்கியம். பரிசோதனைக்குத் தேடல்தான் முக்கியம். வழிகாட்டியில் இருக்கும் இருபது சொச்சம் எழுத்துகளை மாற்றி எழுதினால் போதும், ஜிகா வைரஸைத் தேடிக்கொண்டிருந்த புரதம் டெங்குவைத் தேடப் போய்விடும்.

இந்தச் சோதனை செய்தால் என் மரபணுவில் ஏதாவது மாறிவிடுமா?

மாறாது. எல்லாம் குழாய்க்குள் நடக்கிறது. உங்களிடமிருந்து சளியோ உமிழ்நீரோ ரத்தமோ வெளியே போகிறது, அவ்வளவுதான். உடம்புக்குள் எதுவும் வருவதில்லை.

சரி, கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதம் எதையோ கண்டுபிடித்துவிட்டது. அது நமக்கு எப்படித் தெரிய வரும்?

இந்தத் துறை பிறந்ததே இந்தக் கேள்வியில்தான். காஸ்9 நல்ல பிள்ளை. சொன்ன இடத்தில் வெட்டிவிட்டு நின்றுவிடும். காஸ்13 அப்படியல்ல. அது தேடிய ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்ததும் மதம் பிடித்த யானை மாதிரி, சுற்றியிருக்கும் சம்பந்தமில்லாத ஆர்.என்.ஏ.வையெல்லாம் கண்டபடி வெட்ட ஆரம்பிக்கும். காஸ்12 இதே கூத்தை ஒற்றை இழை டி.என்.ஏ.விடம் செய்யும். மரபணுத் திருத்தம் செய்பவருக்கு இது தலைவலி. பரிசோதனை செய்பவருக்கு இதுதான் அதிர்ஷ்டம்.

குழாய்க்குள் முன்கூட்டியே ஏராளமான சிறு இழைகளைப் போட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வோர் இழையின் ஒரு நுனியில் ஒளிரும் பொருள், மறு நுனியில் அந்த ஒளியை அமுக்கும் பொருள். இழை முழுசாக இருக்கும்வரை குழாய் இருட்டு. கிருமியின் மரபணு உள்ளே இருந்தால் காஸ் வெறிகொண்டு எல்லா இழைகளையும் வெட்டும், அமுக்கும் பொருள் பிரிந்து போகும், குழாய் ஒளிரும். ஒரே ஒரு கிருமித் துண்டு ஆயிரக்கணக்கான இழைகளை வெட்டவைப்பதால் சமிக்ஞை தானாகவே பெருகுகிறது.

2017 ஏப்ரலில் அமெரிக்காவின் பிராட் ஆய்வு நிறுவனத்தின் ஃபெங் ஜாங், எம்.ஐ.டி.யின் ஜேம்ஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் காஸ்13ஐ வைத்து ‘ஷெர்லாக்’ முறையை வெளியிட்டன. 2018இல் டவுட்னா குழு காஸ்12ஐ வைத்து ‘டிடெக்டர்’ முறையைக் கொண்டுவந்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் 16, 18 வகைகளைப் பிரித்துக் காட்டியது. பெயர் வைப்பதில் இவர்களுக்குத் துப்பறிவாளர்கள் மேல் ஒரு தனிப் பிரியம்.

காகிதப் பட்டையில் கோடு வரும் என்கிறார்களே, அது கர்ப்பப் பரிசோதனைப் பட்டை மாதிரிதானா?

பார்க்க அப்படித்தான் இருக்கும். படிக்கும் விதம்தான் வேறு, இங்கேதான் பலர் குழம்புவார்கள்.

இந்தப் பட்டைக்கான இழையின் ஒரு நுனியில் பயோட்டின், மறு நுனியில் ஃபாம் என்ற சாயப்பொருள் இருக்கும். பட்டையை நனைத்ததும் திரவம் மேலே ஏறும். ஏறும் வழியில், ஃபாமைப் பிடிக்கும் தங்க நுண்துகள்கள் அதோடு சேர்ந்துகொள்ளும். கோட்டின் செந்நிறம் அந்தத் தங்கத்தால் வருவது. முதல் கோட்டில் பயோட்டினைப் பிடிக்கும் புரதம் பூசியிருக்கும். கிருமி இல்லையென்றால் இழை வெட்டப்படாமல் முழுசாக வந்து, தங்கத்தையும் இழுத்துக்கொண்டு இந்த முதல் கோட்டிலேயே சிக்கிவிடும். கிருமி இருந்தால் இழை அறுந்துபோயிருக்கும். பயோட்டின் முனை மட்டும் முதல் கோட்டில் நிற்க, தங்கம் நழுவி மேலே உள்ள இரண்டாவது கோட்டில் போய்ப் படியும்.

ஆகவே நனைத்த முனைக்குப் பக்கத்துக் கோடு மட்டும் அழுத்தமாக இருந்தால் நெகட்டிவ். மேல் கோடு அழுத்தமாக வந்தால் பாசிட்டிவ். சிக்கல் என்னவென்றால், நெகட்டிவ் மாதிரியிலும் கொஞ்சம் தங்கம் முதல் கோட்டில் சிக்காமல் தப்பி, மேலே மங்கலாக ஒரு கோடு போட்டுவிடும். அந்த மங்கலை என்னவென்று எடுத்துக்கொள்வது? தேர்ந்த கை தேவையில்லை என்று விளம்பரம் செய்யும் பரிசோதனையில் தேர்ந்த கண் தேவைப்படுகிறது. அதனால்தான் பட்டையை மொபைலில் படம் எடுத்து, ஆப்பிடம் படிக்கக் கொடுக்கும் வழிக்குப் பல குழுக்கள் போயின.

ஃபெலூடா என்பது இதே முறைதானா?

இல்லை. டில்லியில் சி.எஸ்.ஐ.ஆர்.-ஐ.ஜி.ஐ.பி. ஆய்வகத்தின் தெபோஜ்யோதி சக்ரவர்த்தி, சௌவிக் மைத்தி குழு தனி வழியில் போனது. சத்யஜித் ராய் உருவாக்கிய துப்பறிவாளரின் பெயரைத் தங்கள் முறைக்கு வைத்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பிரான்சிசெல்லா நோவிசிடா என்ற பாக்டீரியாவின் காஸ்9. இதற்கு மதம் பிடிக்காது. இதன் சிறப்பு வேறு: வழிகாட்டிக்கும் இலக்குக்கும் இடையே ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலும், உரிய இடத்தில் அந்தப் பிழை இருந்தால், ஒட்டாமல் விலகிவிடும். வெட்டுவதைப் பார்க்காமல், ஒட்டிக்கொண்டதா இல்லையா என்பதை வைத்தே முடிவு சொல்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சி கோவிடுக்காக ஆரம்பித்ததல்ல. அவர்கள் தேடியது அரிவாள் செல் ரத்தசோகையை. ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து, ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’ வந்துவிடுவதால் வரும் நோய் அது. ஓர் எழுத்து வித்தியாசத்தைப் பிடிக்கும் கருவி கையில் இருக்கும்போது 2020 வந்தது. வழிகாட்டியை மாற்றி எழுதி கொரோனா பக்கம் திருப்பினார்கள். டாடா குழுமம் உரிமம் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகத்தின் அனுமதியும் கிடைத்தது.

அப்படியென்றால் 2020லேயே எங்கு வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்று ஆகியிருக்க வேண்டுமே?

ஆகவில்லை. நான் இந்தப் பக்கத்தை எழுதுவதே இதைச் சொல்லத்தான். ஃபெலூடாவில் கடைசிக் கட்டம் மட்டும்தான் காகிதப் பட்டை. அதற்கு முன்னால் சளி மாதிரி லேப்புக்குப் போக வேண்டும், ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும், பிசிஆர் இயந்திரத்தில் வைத்துப் பெருக்க வேண்டும். தேவைப்படாமல் போனது, ஒளியை அளக்கும் விலை உயர்ந்த இயந்திரம் மட்டுமே. ஊருக்கு ஊர் லேப் திணறிக்கொண்டிருந்த அந்த நாட்களில் சாதாரண பிசிஆர் இயந்திரமே போதும் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிடும் சோதனை அது அல்ல.

அமெரிக்காவிலும் கதை இதுதான். 2020 மே மாதம் அந்நாட்டு மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஷெர்லாக் முறையிலான கோவிட் கிட்டுக்கு அவசர அனுமதி தந்தது. கிரிஸ்பர் பரிசோதனை ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் அனுமதி அது. அதுவும் உயர்தர லேப்களுக்கு மட்டும்.

ஏன் பெருக்க வேண்டும்? காஸ்தான் தானாகவே சமிக்ஞையைப் பெருக்குகிறதே?

பெருக்குகிறது, போதுமான அளவுக்கு இல்லை. நோயின் ஆரம்பத்தில் ஒரு மைக்ரோலிட்டரில் சில பிரதிகள்தான் இருக்கும். காஸ் மட்டும் தனியாக அதைப் பிடிக்கத் திணறும். அதனால் முதலில் கிருமியின் மரபணுத் துண்டைக் கோடிக்கணக்கில் நகலெடுத்துவிட்டு, பிறகு காஸிடம் கொடுக்கிறார்கள்.

பிசிஆர் 95 டிகிரிக்கும் 60க்கும் இடையே மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்விக்கும். களத்துக்கு இது ஒத்துவராது. எனவே ஒரே வெப்பநிலையில் நகலெடுக்கும் முறைகளைப் பிடித்தார்கள். ஆர்.பி.ஏ. என்ற முறைக்கு 37 முதல் 42 டிகிரி போதும். லாம்ப் என்ற முறைக்கு 60 முதல் 65 வரை தேவை. சின்ன சூடாக்கும் கட்டை ஒன்று அதற்குப் போதும்.

ஆனால் நகலெடுத்த குழாயைத் திறந்து அடுத்த குழாய்க்கு மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாத திவலைகள் காற்றில் பறக்கும். ஒவ்வொரு திவலையிலும் எண்ணற்ற நகல்கள். மேசையில் படிந்தால் அன்றைக்குச் சோதிக்கும் எல்லா மாதிரியும் பாசிட்டிவ் ஆகும். இரண்டு வேலையும் மூடிய ஒரே குழாயில் நடக்க வேண்டும் என்று இந்தத் துறையே மெனக்கெடுவதற்கு இதுதான் காரணம். ஆனால் ஒரே குழாயில் போட்டால் காஸ், நகலெடுத்து முடிவதற்குள்ளேயே இலக்கை வெட்டித் தின்ன ஆரம்பித்துவிடும். இந்த இழுபறி இன்னும் முழுசாகத் தீரவில்லை.

நகலெடுக்காமலே பார்க்கும் முயற்சியும் உண்டு. 2021இல் கலிஃபோர்னியாவில் டவுட்னா, மெலனி ஓட், டேனியல் ஃப்ளெட்சர் ஆகியோரின் குழுக்கள், ஒரே வைரஸின் பல இடங்களைத் தேடும் வழிகாட்டிகளை ஒன்றாகக் கலந்து, மொபைல் கேமராவை நுண்ணோக்கியாக்கி, மைக்ரோலிட்டருக்கு சுமார் 100 பிரதிகள் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க முடிந்தது என்று காட்டின.

சளியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பதைத் தவிர்க்க முடியாதா?

பிராட் நிறுவனத்தின் பர்தீஸ் சபெட்டி குழு 2018இல் ‘ஹட்சன்’ என்ற வழியைச் சொன்னது. சில வேதிப்பொருள்களைச் சேர்த்து மாதிரியைச் சூடாக்கினால் வைரஸ் உடைந்து மரபணு வெளியே வரும். மனித உமிழ்நீரிலும் சிறுநீரிலும் உள்ள, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளும் செத்துவிடும். இரண்டாவது வேலை முதலாவதைவிட முக்கியம். அந்த நொதிகள் உயிரோடு இருந்தால் கிருமியின் ஆர்.என்.ஏ. மட்டுமல்ல, குழாயில் போட்டு வைத்த இழைகளும் அறுபடும். கிருமியே இல்லாமல் குழாய் ஒளிரும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்தில் எப்படி வைப்பது?

குழாயில் போடும் பொருள்களை உறையவைத்து உலர்த்தினால் அறை வெப்பநிலையிலேயே தாங்கும்; நீர் பட்டதும் வேலையை ஆரம்பிக்கும். எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து 2021இல் முகக்கவசத்துக்குள்ளேயே இதைப் பதித்துக் காட்டின. பொத்தானை அழுத்தினால் நீர் இறங்கும், ஒன்றரை மணி நேரத்தில் மூச்சில் கொரோனா இருக்கிறதா என்று பட்டை சொல்லும். ஆய்வகச் சாதனையாக அழகு. அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகும் ஆள் யாரென்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆண்டிஜென் கிட் இருக்கிறது, ட்ரூநாட் இருக்கிறது. இது எதற்கு?

நியாயமான கேள்வி. ஆண்டிஜென் கிட் கிருமியின் புரதத்தைத் தேடுகிறது. மலிவு, பதினைந்து நிமிடம், யாரும் செய்யலாம். கிருமி குறைவாக இருந்தால் கோட்டை விடும். ட்ரூநாட், கோவாவின் மோல்பயோ நிறுவனம் செய்த, பேட்டரியில் ஓடும் சிறிய பிசிஆர் கருவி. காசநோய்க்காக வந்து கோவிடுக்கும் பயன்பட்டது. அது ஓடும் ஒரு சுகாதார நிலையத்தில் போய் “கிரிஸ்பர் வாங்குங்கள்” என்று சொல்பவர், அதைவிட எதில் மேல் என்று காட்டியாக வேண்டும். இந்தியாவில் கிரிஸ்பருக்கு உண்மையான போட்டி ட்ரூநாட்தான் என்பது என் கணிப்பு.

எதில் மேல் என்றால், ஓர் எழுத்து வித்தியாசத்தில். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா, எந்தத் திரிபு, எந்த இனம் என்பவை அங்கேதான் இருக்கின்றன. இன்னொன்று, எந்த மரபணுவைத் தேடுவது என்பதை மாற்றிக்கொள்ளலாம். மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள துரிதப் பட்டைகள் பெரும்பாலும் எச்.ஆர்.பி.2 என்ற ஒட்டுண்ணிப் புரதத்தைத் தேடுகின்றன. எரித்ரியா போன்ற இடங்களில் அந்தப் புரதத்துக்கான மரபணுவையே இழந்துவிட்ட ஒட்டுண்ணிகள் பரவியிருக்கின்றன. காய்ச்சல் கொளுத்தும், பட்டை நெகட்டிவ் என்னும். வேறு மரபணுவைத் தேடும் சோதனைக்கு இந்தத் தொல்லை இல்லை.

களத்தில் நிஜமாகவே சோதித்துப் பார்த்தார்களா?

மேற்கு ஆப்பிரிக்காவில் பார்த்தார்கள். அங்கே லாசா காய்ச்சல் எலியிலிருந்து மனிதருக்கு வருவது. 1969இல் நைஜீரியாவின் லாசா ஊரில் அடையாளம் காணப்பட்டது. ஆரம்பத்தில் மலேரியா மாதிரியே இருக்கும். கிறிஸ்டியன் ஹாப்பியின் நைஜீரிய ஆய்வு மையம், சியரா லியோனின் மருத்துவர்கள், சபெட்டி குழு ஆகியோர் சேர்ந்து எபோலாவுக்கும் லாசாவுக்கும் காஸ்13 பரிசோதனைகளை உருவாக்கி 2020இல் வெளியிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, லாசா வைரஸ் நாட்டுக்கு நாடு வெகுவாக வேறுபடுகிறது. நைஜீரிய வகைக்கு எழுதிய வழிகாட்டி சியரா லியோனில் உதவாது. இரண்டுக்கும் தனித்தனிச் சோதனை எழுத வேண்டியிருந்தது. அந்தந்த ஊர் வைரஸின் மரபணுவைப் படித்து வைத்திருக்கும் ஆய்வகம் பக்கத்தில் இல்லாமல் இந்தப் பரிசோதனை பிழைக்காது.

மனிதர்களுக்கு மட்டும்தானா?

இல்லை. முதலில் இது காசு பார்க்கப்போவது இறால் பண்ணையில்தான் என்று நினைக்கிறேன். வெள்ளைப்புள்ளி நோய் 1990களின் நடுவில் இந்தியக் கிழக்குக் கரையையும் அடித்தது. நாகப்பட்டினம் பக்கம் பண்ணை வைத்திருப்பவரிடம் அதை விளக்க வேண்டியதில்லை. வைரஸ் புகுந்தால் மூன்றிலிருந்து பத்து நாளில் குளமே காலியாகலாம். மருந்து கிடையாது. முன்கூட்டியே தெரிந்தால் இருக்கும் இறாலை உடனே பிடித்து விற்கலாம், அந்தத் தண்ணீர் பக்கத்துக் குளத்துக்குப் போகாமல் தடுக்கலாம். இதற்கான ஷெர்லாக் முறைப் பரிசோதனை 2019லேயே வெளியாகிவிட்டது. மனித நோய்க்கு வேண்டிய அனுமதிப் படிகள் இங்கே குறைவு, முடிவு தெரிந்த அன்றே பணம் மிஞ்சுகிறது.

முடிவு தப்பாக வருமா?

வரும். ஃபெலூடாவுக்குச் சொல்லப்பட்ட கணக்கையே பாருங்கள்: நோயுள்ள 100 பேரில் 96 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 100 பேரில் 98 பேரைச் சரியாக விடும். கேட்க நன்றாக இருக்கிறது. 1,000 பேர் உள்ள ஊரில் 10 பேருக்கு மட்டும் தொற்று என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் பேரில் ஏறக்குறைய எல்லோரும் பிடிபடுவார்கள். மீதி 990 பேரில் நூற்றுக்கு இரண்டு வீதம் சுமார் 20 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வரும். முப்பது பாசிட்டிவில் இருபது பொய். இது கிரிஸ்பரின் குறை அல்ல, நோய் அரிதாக உள்ள இடத்தில் எந்தப் பரிசோதனையும் இப்படித்தான். அதனால் அறிகுறி உள்ளவரைச் சோதிப்பதும், ஊரையே வரிசையில் நிறுத்திச் சோதிப்பதும் ஒன்றாகாது.

அரிவாள் செல் நோய்க்கு இப்போது என்ன நிலை?

மத்திய அரசின் அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1இல் தொடங்கியது. 40 வயது வரை உள்ள 7 கோடி பேரைச் சோதிப்பது இலக்கு. தமிழ்நாட்டில் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இந்த நோய் உண்டு. நோயாளியையும், பிழையான மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பவரையும் பிரித்துச் சொல்வது இங்கே முக்கியம், ஏனென்றால் சுமக்கும் இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வரும். முதலில் செய்யும் எளிய கரைதிறன் சோதனை இவர்களைப் பிரித்துக் காட்டாது. அதற்குப் பின் பெரிய இயந்திரம் உள்ள லேப் வேண்டும். ஃபெலூடா வகைச் சோதனை அந்த இடைவெளிக்கு ஏற்றது. இதே நோய்க்கு 2023 முடிவில் பிரிட்டனும் அமெரிக்காவும் கிரிஸ்பர் சிகிச்சையை அனுமதித்தன. அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். கூடலூர் மலைக்கு முதலில் வந்து சேரக்கூடியது எது என்று பார்த்தால், பரிசோதனைதான்.

மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்குமா? யாராவது விற்க வந்தால் என்ன கேட்பது?

ஆண்டிஜென் கிட் மாதிரி கடையில் தொங்கும் பொருளாக இதை எதிர்பார்க்காதீர்கள். பள்ளிக்கோ பண்ணைக்கோ சுகாதார நிலையத்துக்கோ ஒருவர் கிட்டோடு வந்தால், பட்டையைக் காட்டச் சொல்லாதீர்கள். பட்டைக்கு முந்தைய கட்டங்களைக் காட்டச் சொல்லுங்கள். மாதிரியை எதில் சூடாக்குகிறார், குழாயை எத்தனை தடவை திறக்கிறார், கரண்ட் போனால் என்ன செய்வார், பெட்டி வெயிலில் எத்தனை நாள் இருந்தது, மங்கலான கோட்டுக்கு என்ன பதில். மனிதருக்கான சோதனை என்றால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி எண்ணையும் கேளுங்கள். அனுமதி லேப்புக்கு மட்டுமா, வெளியிலும் செய்யலாமா என்பது அந்தக் கடிதத்திலேயே எழுதியிருக்கும்.